மில் சுவருக்கு வந்த மீன்வால்

என் கடை இட்லியைப் பற்றி நெல்லித்தோப்பில் ஒருவரும் குறை சொன்னதில்லை. சொன்னதெல்லாம் எதிர்ச் சுவரைப் பற்றித்தான். பூவே மில்லின் பின்பக்கச் சுவர் அது. மில்லைக் கட்டிய வெள்ளைக்காரன் பேர் பொவே. ஜனங்கள் வாயில் புரண்டு பூவே ஆகிவிட்டது. மில் மூடிப் பல வருடம் ஆகிறது. உள்ளே ஒரு புகைபோக்கியும், அரசங்கன்று முளைத்த கூரையும்தான் மிச்சம். ஆனால் சுவருக்கு மட்டும் லீவே கிடையாது. விடிந்ததிலிருந்து எவனாவது ஒருத்தன் அதைப் பார்த்தபடி நின்றுகொண்டு ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருப்பான்.

எட்டு வருடம் அந்தச் சுவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். "இங்கு சிறுநீர் கழிக்காதீர்" என்று எழுதி வைத்தேன். படிக்கத் தெரிந்தவன் படித்துக்கொண்டே போனான். சாமி படம் போட்ட டைல்ஸ் வாங்கி ஒட்டினேன். மாதா ஒன்று, பிள்ளையார் ஒன்று, மசூதி ஒன்று. பக்திமான்கள் மாதாவுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் ஓரடி இடைவெளி இருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு சாமிக்கும் தெறிக்காமல் போனார்கள். கடைசியில் எனக்கு மிஞ்சியது தொண்டைதான். லுங்கியைத் தூக்குகிறவனைப் பார்த்தால் கரண்டியோடு வாசலுக்கு வந்து கத்துவேன். என் குரல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் ஜூலியன் சொல்வார். அவர் அதிர்ந்து பேசாத மனிதர். எங்கள் கடையில் மாவு வேலையும் சட்னி வேலையும் அவருடையது, வாய் வேலை மட்டும் என்னுடையது.

போன மாதம் லைசென்ஸ் விஷயமாகப் பார்க்க ஒரு அதிகாரி வந்தார். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் கழுவுகிற இடம் எல்லாவற்றையும் பார்த்துத் தலையாட்டினார். வாசலுக்கு வந்ததும் கர்ச்சீப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"கடை சுத்தமாத்தான் இருக்குது. எதிர்ல இருக்கறதுதான் வாசப்படி வரைக்கும் வருது. இப்படி இருந்தா லைசென்ஸ் புதுப்பிக்க முடியாதும்மா. அடுத்த மாசம் பதினஞ்சாம் தேதி மறுபடியும் வருவேன். அன்னிக்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."

"ஊர்ல இருக்கற ஆம்பளைங்களுக்கெல்லாம் நான் எப்படி சார் பொறுப்பாவ முடியும்?" என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் முதுகு ஆப்பரேஷன் ஆனதிலிருந்து ஜூலியனால் வேறு எந்த வேலைக்கும் போக முடியாது. எனக்கு இட்லியைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்தக் கடை போனால் நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்த வாரத்தில்தான் லினெட் வந்தாள். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்த பெண். ஏதோ கலை அமைப்பாம், பாதிப் பேர் பிரான்சில் இருக்கிறார்களாம், பாதிப் பேர் இங்கே. மூடிக்கிடக்கிற மில் சுவர்களில் அந்தந்தத் தெரு ஜனங்களே சேர்ந்து மில்லைப் பற்றிப் படம் வரைய வேண்டும். பெயின்டும் பெயின்டரும் அவர்கள் செலவு. மில் என்றால் உங்கள் தெருவுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ அதைக் கடிதமாக எழுதித் தர வேண்டும், நல்ல கடிதமாகப் பார்த்து மூன்றே மூன்று சுவர்களை எடுப்போம் என்றாள்.

"படம் வரைஞ்ச செவுத்துல யாரும் ஒண்ணுக்குப் போவமாட்டாங்கதானே?" என்று கேட்டேன்.

"கலைக்குன்னு ஒரு மரியாதை இருக்குது இல்ல ஆன்ட்டி" என்றாள். பாவம், சின்னப் பெண். ஆம்பிளைகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு வேறு வழியும் இல்லை.

கடிதம் எழுதுவதற்கு எங்கள் மாடியிலேயே ஆள் இருந்தார். முசே சவரிராயன். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த சொல்தா. காலையில் என் கடையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு "மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார்.

"மேரி, தமிழ்ல எழுதினா அது நூத்துல ஒரு லெட்டரு. பிரெஞ்சுல எழுதினா பாரீஸ்ல இருக்கறவன் நேராப் படிப்பான். நீ கவலப்படாத, நான் எழுதறேன்" என்றார்.

என்ன எழுதுவது என்று கேட்க மண்ணாங்கட்டியண்ணனைக் கூப்பிட்டோம். எங்கள் தெருவில் மில்லில் வேலை பார்த்தவர் என்று இப்போது இருக்கிறவர் அவர் ஒருத்தர்தான். மில் சங்குக்குச் சங்கிலி இழுத்தவர். வெளியூர்க்காரர்கள் சங்கு என்றால் கடலில் கிடைப்பதை நினைப்பார்கள். எங்களுக்கெல்லாம் சங்கு என்றால் ஷிப்டுக்கு ஆள் கூப்பிட மில்லில் ஊதுகிற ஊளைதான். இந்த மண்ணாங்கட்டியண்ணன் சுவரின் நிரந்தர வாடிக்கையாளரும்கூட. "இருவத்தெட்டு வருஷம் உள்ள ஒழைச்சிருக்கேன், வெளிய எனக்கு இந்த உரிமகூட இல்லியா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

"சங்கத்தான் வரையணும்" என்று ஒரே போடாகப் போட்டார். "காலைல நான் சங்கிலிய இழுத்தன்னா கோரிமேடு வரைக்கும் கேக்கும். பொண்டாட்டி சோத்த எடுத்துக்கினு வருவா, இவன் அப்படியே உட்டுட்டு ஓடியாந்துருவான். ஒரு நாளைக்கி மூணு வாட்டி. லேட்டா வந்தவன உள்ளயே சேக்க மாட்டாங்க."

அவர் சொல்லச் சொல்ல முசே பிரெஞ்சில் எழுதினார். கோழிக் கால் கையெழுத்து இல்லை, கான்வென்ட் கையெழுத்து. "மில் சங்குக்கு பிரெஞ்சுல சிரேன்னு பேரு. பிரெஞ்சுல கதவு, நாற்காலி எல்லாத்துக்கும் ஆணு பொண்ணு உண்டு. சிரேன் பொண்ணு" என்று எனக்கு விளக்கமும் சொன்னார். முடித்ததும் எழுந்து நின்று முழுக் கடிதத்தையும் சத்தமாகப் படித்தார். ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருந்தது.

பத்தே நாளில் லினெட் போன் பண்ணினாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

"உங்க செவுரு செலக்ட் ஆயிடுச்சி ஆன்ட்டி. என்னா கதை ஆன்ட்டி அது. படிச்சவங்க எல்லாருக்கும் புல்லரிச்சிப் போச்சி. இந்த ஊர்ல இப்படி ஒருத்தி இருந்தான்னு யாருமே இவ்ளோ நாளா சொல்லலியே."

ஒருத்தி என்றாளே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். முசே சொன்ன ஆண் பெண் கணக்கு மனதில் இருந்ததால், "ஆமாம் பாப்பா, சத்தம் பயங்கரமா இருக்கும்" என்று சொல்லி வைத்தேன்.

பெயின்டர் வந்தான். அன்பழகன் என்று பேர். கட்சித் தலைவர்களை ஆளுயரத்துக்கு வரைந்து பழகிய கை. வாய் நிறைய பாக்கு. துப்பினால்தான் பேச முடியும், துப்ப நான் விடமாட்டேன், அதனால் அவன் பேசியதே இல்லை. சுவர் முழுக்கச் சாரம் கட்டி, வெயிலுக்காக மேலிருந்து கீழ்வரை பச்சை வலையைத் தொங்கவிட்டான். உள்ளே சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கோடு போட்டு, ஒவ்வொரு இடத்திலும் நம்பர் எழுதினான். ஒன்று என்றால் பச்சை, இரண்டு என்றால் நீலம், இப்படி. வீட்டுக்கு இரண்டு கட்டம். நம்பரைப் பார்த்து நாங்கள் பெயின்ட் அடிக்க வேண்டும்.

எங்கள் தெருவோ மாட்டு வண்டி திரும்பாத தெரு. அதில் வலைக்கும் சுவருக்கும் நடுவில் மூக்கு உரச நின்றுகொண்டு அடிக்கிறோம். முழுப்படம் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பு. எனக்கு வந்த கட்டத்தில் அரை வட்டம் அரை வட்டமாக அடுக்கடுக்காக இருந்தது. மில் கூரையின் ஓடு என்று நினைத்து ரொம்ப அக்கறையாகப் பச்சை அடித்தேன். பக்கத்து வீட்டு அமிர்தவல்லிக்கு நெளிநெளியாக நீளக் கோடுகள். அது புகைபோக்கியில் வருகிற புகை என்று முடிவாயிற்று.

"பொகை ஏங்க்கா பிரவுன் கலர்ல இருக்குது?" என்று கேட்டாள்.

"பஞ்சு பொகை அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கு என்ன தெரியும், சொல்லி வைத்தேன்.

ஜூலியனால் குனிந்து நிமிர முடியாது என்று அவருக்குத் தோதான உயரத்தில் ஒரு கட்டம் கொடுத்திருந்தார்கள். அதில் நடுவில் ஒரு சின்னக் குழி மாதிரி வட்டம் மட்டும் இருந்தது. மண்ணாங்கட்டியண்ணன் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இதான்யா சங்கிலி மாட்ற ஓட்டை. இருவத்தெட்டு வருஷம் இதுல கைய வுட்டவன் நான். ஓரத்த நல்லா அழுத்தி அடி" என்று பக்கத்திலேயே நின்று அடிக்கவைத்தார். முசே சவரிராயனுக்குச் சுவரின் கடைக்கோடி. அங்கே விசிறி மாதிரி இரண்டு பக்கமும் விரிந்த ஒன்று. மில்லுக்குள் பெரிய ஃபேன் இருந்திருக்கும் என்று அவரும் திருப்தியாக அடித்தார். என் கடைக்கு நேரே இருந்த கோடியில் மட்டும் அன்பழகன் யாரையும் விடவில்லை. கடைசி இரண்டு நாள் தனியாகச் சாரத்தின் மேல் உட்கார்ந்து அவனே வரைந்தான்.

பத்தாம் தேதி காலையில் வலையைப் பிரித்தார்கள். தெருவில் நின்ற எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாற்பதடி நீளப் படத்தை நாலடி தள்ளி நின்று பார்த்தால் என்ன தெரியும்? எங்கே பார்த்தாலும் ஓடு ஓடாகத் தெரிந்தது. மாடி பால்கனியில் நின்றுகொண்டிருந்த முசே சவரிராயன் மட்டும் சுவரைக் கோடிக்குக் கோடி பார்த்தார். காப்பி டம்ளர் கையில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி வந்தார்.

"மேரி, நம்ம சங்குக்குத் தொப்புள் இருக்குது" என்றார்.

"என்னாது?"

"தொப்புள். வாலும் இருக்குது. நீயே மேல போயி பாரு."

போய்ப் பார்த்தேன். மில் சுவர் முழுக்க ஒரு கடற்கன்னி சாய்ந்து படுத்திருந்தாள். நான் அடித்த ஓடெல்லாம் அவளுடைய செதில். அமிர்தவல்லியின் புகை அவளுடைய தலைமயிர். முசேயின் ஃபேன் அவளுடைய வால். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் நாக்கைத் துருத்திக்கொண்டு அழுத்தி அழுத்தி அடித்தது அவளுடைய தொப்புள். மார்பில் இரண்டு சிப்பி மட்டும் இருந்தது. அதெல்லாம்கூடப் போகட்டும். மூஞ்சி என்னுடையது.

சந்தேகமே இல்லை. என் மூக்குத்தி, என் நெற்றி, என் இரட்டை நாடி. புருவம் இரண்டும் நெறித்து, கண் பிதுங்கி, வாய் குகை மாதிரி திறந்திருந்தது. கடைவாயில் நான் கட்டியிருக்கிற பல் உட்பட வரைந்திருந்தான்.

அதற்குள் தெருவே பால்கனிக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. ஏறுகிறவர்கள் ஒரு தடவை சுவரைப் பார்ப்பார்கள், ஒரு தடவை என்னைப் பார்ப்பார்கள், பிறகு மரியாதையாகத் தரையைப் பார்ப்பார்கள். லினெட்டை வரச்சொல்லி நான் போனில் கத்தினேன். அவள் கடிதத்தோடு வந்தாள்.

"இதோ பாருங்க ஆன்ட்டி, உங்க லெட்டர்ல இருக்கறதத்தான் வரைஞ்சிருக்கோம்" என்று தமிழில் படித்துக்காட்டினாள். "எங்கள் ஆலையில் ஒரு பெரிய சிரேன் இருந்தாள். காலையில் அவள் குரல் கேட்டதும் ஆண்கள் எல்லோரும் மனைவியையும் சோற்றையும் விட்டுவிட்டு அவளிடம் ஓடினார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை அவள் அழைப்பாள். தாமதமாக வந்தவர்களை அவள் சேர்த்துக்கொள்ள மாட்டாள்." கடிதத்தை மடித்துவிட்டு, "சிரேன்னா கடல்கன்னி. ஸ்கூல்ல பிரெஞ்சு புக்ல படத்தோட போட்டிருந்துச்சி" என்றாள்.

எல்லோரும் முசேயைத் திரும்பிப் பார்த்தோம்.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்ததான்" என்றார் அவர், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு. "நான் எழுதினதுல ஒரு தப்பு கெடையாது."

"நான் படிச்சதுலயும் தப்பு கெடையாது அங்கிள்" என்றாள் லினெட்.

மண்ணாங்கட்டியண்ணனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "நான் இழுத்த சங்குக்கு வாலு கெடையாது" என்று எல்லோரிடமும் தனித்தனியாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் லினெட்டிடம், "நாங்க சொன்னது சங்கும்மா. சங்கு. ஊதுற சங்கு" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. "ஓ, சங்கா. புரிஞ்சிடுச்சி ஆன்ட்டி, உடனே சரி பண்ணிடறோம்" என்று அன்பழகனிடம் ஓடினாள். மத்தியானத்துக்குள் கடற்கன்னியின் வலது கையில் வெள்ளை வெளேரென்று ஒரு கடல் சங்கு வந்துவிட்டது. அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

சுண்ணாம்பு அடித்து அழித்துவிடலாம் என்று தெருவில் பாதிப் பேர் சொன்னார்கள். அழித்தால் அடுத்த நாளே பழைய கதைதான், பதினைந்தாம் தேதி என் கடை போய்விடும். நான் குறுக்கே நின்றேன். அமிர்தவல்லி, நாளைக்குத் திறப்பு விழாவுக்குச் சர்ச் சாமியார் ஜெபம் பண்ண வரும்போது இப்படி மேல்துணி இல்லாமல் ஒருத்தி படுத்திருந்தால் நான் வாசலுக்கே வரமாட்டேன் என்றாள். அன்பழகன் அரை மணி யோசித்துவிட்டு மில்காரர்கள் போடுகிற காக்கிச் சட்டை ஒன்றைக் கடற்கன்னிக்குப் போட்டுவிட்டான். பாக்கெட்டில் பேனாவும் வைத்தான். மண்ணாங்கட்டியண்ணன் அதைப் பார்த்துக் கொஞ்சம் சமாதானமானார். ஒரு பட்டன் மட்டும் குறைகிறது என்றார்.

மிச்சம் இருந்தது என் மூஞ்சி. அன்பழகனைக் கடைக்குள் இழுத்துவந்து பாக்கைத் துப்பவைத்துக் கேட்டேன்.

"அக்கா, பேப்பர்ல என்னா எழுதியிருந்தாங்க? ஊர் ஆம்பளைங்களெல்லாம் கொரல் கேட்டாலே ஓடணும்னு எழுதியிருந்தாங்க. அப்படி ஒரு மூஞ்சிக்கு நான் எங்கக்கா போவேன்? நான் வரைஞ்சதெல்லாம் மீச வெச்ச தலைவருங்க. அண்ணாந்து பாத்தா எதிர்லயே நீங்க கரண்டியோட நிக்கிறீங்க." லுங்கியைத் தூக்கிய எவனையோ நான் திட்டிக்கொண்டிருந்தபோது செல்போனில் எடுத்த போட்டோவையும் காட்டினான்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. என்னை யாரும் படம் வரைந்ததில்லை. கல்யாண போட்டோவில்கூடக் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். வாழ்க்கையில் என்னை வரைந்த ஒரே ஒருத்தன், நான் கத்துகிற நேரமாகப் பார்த்து, அதுவும் எட்டடி அகலத்துக்கு வரைந்து வைத்திருக்கிறான். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனை வருடமும் தெரு என்னை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்ததா?

"சிரிக்கிற மாதிரி மாத்து" என்றேன்.

"அக்கா, நல்லா வந்திருக்குதுக்கா."

"மாத்துடா."

மாற்றினான். மறுநாள் பதினோராம் தேதி மத்தியானத்துக்குள் வாயை மூடி, கன்னத்தில் குழி வைத்து, கண்ணைப் பாதி மூடி, அந்தக் கடைவாய்ப் பல்லையும் மறைத்துவிட்டான். பத்து வயது குறைந்துவிட்டது எனக்கு. சாயந்திரம் திறப்பு விழா. சாமியார் ஜெபம் பண்ணினார், லினெட் பிரெஞ்சில் பேசினாள், முசே எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கைதட்டினார். "மேரியக்கா எம்மாம் அழகு" என்று அமிர்தவல்லியே சொன்னாள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் அதே மாதிரி கண்ணைப் பாதி மூடிச் சிரித்துக்கொண்டு, முப்பது பேரோடாவது போட்டோ எடுத்துக்கொண்டேன். பொய் சொல்வானேன், எனக்குப் பரம சந்தோஷம்.

பன்னிரண்டாம் தேதி காலையில் கடை திறந்தபோது சுவரின் அடியில் ஈரம். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பதின்மூன்றாம் தேதி ஈரம் இன்னும் நீளமாக இருந்தது. வாலிலிருந்து இடுப்பு வரைக்கும் வரிசையாக நின்று போயிருக்கிறார்கள். படம் பார்க்க வந்த புது ஆட்கள் வேறு. பார்ப்பார்கள், செல்ஃபி எடுப்பார்கள், சுற்றுமுற்றும் பார்ப்பார்கள், அப்புறம் வந்த வேலையை முடித்துவிட்டுப் போவார்கள். பழைய நாற்றத்துக்கு மேல் புது நாற்றம். பத்து மணிக்கு மண்ணாங்கட்டியண்ணனைக் கையும் களவுமாகப் பிடித்தேன்.

"யண்ணே, ஒங்களுக்கு மனசாட்சி இருக்குதா? அது என் மூஞ்சிண்ணே."

லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் உண்மையாகவே யோசித்தார். "கோச்சிக்காதம்மா. நான் அண்ணாந்து பாத்தேன். அது சிரிச்சிச்சி. சரி, போறதுன்னா போயிட்டுப் போன்னு சொல்ற மாதிரி இருந்துச்சி."

கடைக்குள் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. ஜூலியன் தேங்காய் துருவிக்கொண்டே, வழக்கம்போல மெதுவாகச் சொன்னார்.

"பத்தாந்தேதி வலயப் பிரிச்சாங்க இல்ல? அன்னிக்கி ராத்திரி பூரா செவுரு காஞ்சி கெடந்துச்சி. காலைல நான்தான் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல."

"அதுக்கு?"

"அன்னிக்கி நீ கத்திக்கிட்டு இருந்த."

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் கோபம் வந்தது. கன்னத்தில் குழி வைத்த அந்த மூஞ்சியை வாசலில் நின்று பார்த்தேன். அந்த மாதிரி நான் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, இனிமேல் இருக்கப்போவதும் இல்லை. இரண்டு நாளாவது இருந்தேனே என்று நினைத்துக்கொண்டு அன்பழகனுக்குப் போன் போட்டேன்.

"அந்த போட்டோ வெச்சிருக்கியா?"

"எந்த போட்டோக்கா?"

"கத்தற போட்டோடா. அழிச்சிட்டியா?"

"அத அழிப்பேனாக்கா" என்றான்.

பதினான்காம் தேதி முழுக்கச் சாரத்தில் உட்கார்ந்து திரும்ப வரைந்தான். போன தடவையைவிட வாயை இன்னும் ஒரு சாண் திறந்து வைத்தான். கடைவாய்ப் பல்லை விட்டுவிடாதே என்று நானே கீழே நின்று சொன்னேன். சாரத்தைப் பிரித்ததும் ஜூலியன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, பால்கனிக்குப் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதான் மேரி எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி. அந்தச் சிரிக்கற பொம்பளைய நான் எங்கியும் பாத்ததே இல்ல" என்றார்.

இருபத்தாறு வருடத்தில் நான் உன்னைப் பார்த்துச் சிரித்ததே இல்லையா என்று அவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். சண்டை முடிந்த பிறகுதான் அவர் சொன்னது நல்ல வார்த்தை என்று தோன்றியது.

பதினைந்தாம் தேதி. காலையிலேயே சுவரடியைப் போய்ப் பார்த்தேன், காய்ந்திருந்தது. பினாயில் போட்டுக் கழுவி, வாசலில் கோலம் போட்டு, சட்னியைக்கூட மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஜூலியன் என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டுக்கொண்டார். "அவரு வந்து போற வரைக்கும் வாயத் தொறக்காத. இன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும்." சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

பதினொன்றரைக்கு அதிகாரியின் பைக் தெருமுனையில் வந்தது. கடைக்கு வரவில்லை. வால் பக்கமாகவே நிறுத்தினார். ஃபைலை சீட்டின் மேல் வைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எங்கிருந்து வந்தாரோ, எத்தனை நேரம் அடக்கிக்கொண்டு வந்தாரோ, கால் இரண்டும் ஒட்டிக்கொண்டு நடந்தன. நேராகச் சுவரைப் பார்த்து நடந்தார்.

என் வாய் தானாகத் திறந்தது. ஜூலியன் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். என் லைசென்ஸில் கையெழுத்துப் போட வேண்டிய கை அப்போது ஜிப்பின் மேல் இருந்தது. கத்தினால் கடை போய்விடும். கத்தாவிட்டால், அவரே நனைத்த சுவரைக் காட்டி அவரே என் கடையை மூடுவார். நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். எட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் அந்தச் சுவருக்கு முன்னால் ஒருத்தன் நிற்க, நான் சத்தம் போடாமல் நின்றேன்.

அவர் பழக்க தோஷத்தில் தலையை நிமிர்த்தினார்.

மேலே தலைமாட்டிலிருந்து நான் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். எட்டடி அகலத்துக்கு, கடைவாய்ப் பல் தெரிய, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு. அவர் கை அப்படியே நின்றது. ஒரு அடி பின்னால் வந்தார். இன்னொரு அடி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"சாரிம்மா" என்று சுவரிடம் சொன்னார்.

திரும்பினால் எதிரே அதே மூஞ்சி வாயை மூடிக்கொண்டு வாசலில் நின்றது. ஃபைலை எடுத்து முன்பக்கமாகப் பிடித்துக்கொண்டு குறுகிக் குறுகி நடந்து கடைக்கு வந்தார்.

"அம்மா, உள்ள பாத்ரூம் எதுனா இருக்குதுங்களா?"

"இருக்குது சார். நேராப் போயி கொல்லப்பக்கம்" என்றேன். ஜூலியன் முன்னாலேயே ஓடி பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்தார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. உட்காரவில்லை, கர்ச்சீப்பை எடுக்கவில்லை, நின்றபடியே கையெழுத்துப் போட்டார். காகிதம் என் கைக்கு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"சார், எதிர்ச் செவுத்தப் பாக்கலியே. இனிமே யாரும் போவமாட்டாங்கன்னு எப்படி சார் நம்பறது?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை. பைக் சாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தனாலயும் முடியாதும்மா."